பாஸ்வேர்ட் எதுக்குண்ணே?

பதுளை டவுனில் ஃபோன் ரிப்பேர் பார்க்கும் கடைகள் பலவற்றில் இதைப் பார்க்கலாம். கண்ணாடிப் பெட்டிக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் தட்டு. தட்டில் பத்துப் பதினைந்து ஃபோன். ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு துண்டு மாஸ்கிங் டேப். டேப்பில் பேனாவால் ஒரு பெயர், "டிஸ்ப்ளே" என்றோ "சார்ஜிங்" என்றோ ஒரு சொல், அதற்குக் கீழே நாலு இலக்கம். அந்த நாலு இலக்கம்தான் பின் நம்பர். பேட்டர்ன் வைத்த ஃபோன் என்றால் ஒன்பது புள்ளி குத்தி, கோலம் போட்ட மாதிரி கோடு இழுத்திருப்பார்கள். ரீலோட் போட வந்தவர், கவர் வாங்க வந்தவர், சில்லறை மாத்த வந்த பக்கத்துக் கடைக்காரர், எல்லாருடைய கண்ணுக்கும் முன்னால்தான் அந்தத் தட்டு இருக்கிறது.

ஃபோனைக் கொடுத்ததும் முதல் கேள்வி, "என்ன பிரச்சினை?" இரண்டாவது கேள்வி, "பாஸ்வேர்ட் என்ன?" டொக்டர் நாக்கை நீட்டச் சொன்னால் நீட்டுவது போல நாங்களும் சொல்லிவிடுவோம். ஏன் என்று கேட்டதில்லை. கேட்டால் ஒரு மாதிரி பார்ப்பார்களோ என்று பயம். "அப்படி என்ன தங்கச்சி உள்ளுக்கு வெச்சிருக்கீங்க?" என்று சிரித்துக்கொண்டு கேட்டுவிட்டால் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

இப்போது அந்தக் கேள்வியைத் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. டிஸ்ப்ளே மாத்த பாஸ்வேர்ட் எதுக்கு?

எங்கள் கூட்டத்தோடு பழகும் ஒரு தங்கச்சி. பெயரும் தோட்டமும் வேண்டாம். அம்மா வெளிநாட்டில் வீட்டு வேலை செய்கிறார். போன வருசம் ஃபோன் டிஸ்ப்ளே உடைந்து, டவுனில் ஒரு கடையில் கொடுத்தாள். இரண்டு நாள் கடையில் இருந்தது. மூன்று வாரம் கழித்து அவளுடைய படம் ஒன்று எங்கள் டிவிஷன் பொடியன்கள் இருக்கும் வட்ஸ்அப் குழுவில் வந்தது. அப்படி ஒன்றும் "மோசமான" படம் இல்லை. தலைக்குக் குளித்துவிட்டு, நைட்டியோடு நின்று, "முடி எவ்வளவு நீளம் வந்திருச்சு பாருங்கம்மா" என்று அம்மாவுக்கு அனுப்ப எடுத்தது. அம்மாவைத் தவிர வேறு யாருக்கும் அவள் அனுப்பவில்லை. படத்துக்குக் கீழே எழுதியிருந்ததை இங்கே எழுதப் போவதில்லை.

பிறகு நடந்தது எல்லாத் தோட்டத்திலும் நடக்கிற கதைதான். மாமா ஃபோனைப் பறித்து அலுமாரியில் வைத்துப் பூட்டினார். ஏ.எல். கிளாசுக்கு பஸ் ஏறி பதுளைக்குப் போவது நின்றது. "பொம்பளப் புள்ளைக்கு என்னத்துக்கு அந்த ஃபோன்" என்று லயம் முழுக்கப் பேச்சு. கடைக்கு ஒன்றும் நடக்கவில்லை. கடையிலிருந்துதான் படம் போனது என்று எங்களால் நிரூபிக்கவும் முடியவில்லை. யார் எடுத்தது, முதலில் எந்த ஃபோனிலிருந்து போனது, எதுவும் கையில் சிக்கவில்லை. சிக்கியது ஒன்றுதான்: ஃபோன் அவள் கையில் இல்லாத அந்த இரண்டு நாளும் அதன் பின் நம்பர் அதன் முதுகிலேயே ஒட்டியிருந்தது. டேப்பைப் பிய்த்த பசை இன்னும் இருக்கிறது.

இதையும் சொல்லியாக வேண்டும். அந்த வட்ஸ்அப் குழுவில் எங்களில் இரண்டு பேர் இருந்தோம். படம் வந்தபோது பார்த்தோம். ஒரு நாள் முழுக்க ஒன்றும் சொல்லாமல் இருந்தோம்.

இப்படி ஏதாவது நடந்தால் உடனே ஒரு புத்திமதி வரும். "படம் எடுக்காதீங்க. எடுத்தாலும் ஃபோனில வெக்காதீங்க." பாடசாலைகளில் வைக்கும் இணையப் பாதுகாப்புக் கருத்தரங்குகளில் நாங்கள் கேட்டதில் முக்கால்வாசி இதுதான். பெண் பிள்ளைகளை முன் வரிசையில் உட்கார வைத்து, ஏதோ அவர்கள்தான் குற்றம் செய்யப் போகிறவர்கள் மாதிரி பேசுவார்கள். டவுனில் உள்ள ரிப்பேர் கடைக்காரர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து, "அடுத்தவருடைய கேலரியைத் திறக்காதீர்கள்" என்று சொன்ன ஒரு கருத்தரங்கை நாங்கள் இன்னும் கேள்விப்படவில்லை. வீட்டில் களவு போனால் "நகை ஏன் வாங்கினீங்க" என்று பொலிஸில் கேட்டால் சும்மா இருப்போமா?

அதோடு, ஃபோனில் என்னதான் வைக்காமல் இருப்பது? ஐந்து பேர் இருக்கும் வீட்டில் ஒரு ஃபோன். அதில் அடையாள அட்டையின் படம் இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் அம்மாவின் பாஸ்போர்ட் கொப்பி, பணம் அனுப்பிய ரசீது, பேங்க் புத்தகத்தின் முதல் பக்கம், அஸ்வெசும படிவம், தாத்தாவின் கிளினிக் கொப்பி, தம்பியின் ஹோம்வேர்க், ஈசி கேஷ். அக்காவும் அத்தானும் சண்டை போட்ட வொயிஸ் மெசேஜ். இதெல்லாம் ஆடம்பரத்துக்குச் சேர்த்தது இல்லை. 2021இல் பாடசாலைகளை மூடி வைத்திருந்தபோது, லுணுகலைப் பக்கம் காட்டுக்குள் மரத்து மேலே கட்டிய கொட்டிலில் ஏறி பிள்ளைகள் சிக்னல் தேடிப் படித்த படம் வெளிநாட்டுச் செய்திகளில் வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அந்தக் காலத்தில்தான் எங்கள் வீடுகளில் பலர் கடன் வாங்கி ஃபோன் எடுத்தார்கள். அந்த வருசம்தான் தோட்டத்தில் நாள் சம்பளம் 1000 ரூபாவுக்கு வந்தது. ஃபோன் இல்லாவிட்டால் பாடம் இல்லை என்று சொல்லித்தான் வாங்க வைத்தார்கள். வாங்கியதும், அதில் ஒன்றும் வைக்காதே என்கிறார்கள்.

"பிரைவசி எல்லாம் கொழும்புக்காரங்க பேசுறது, லயத்துல ஏது பிரைவசி" என்று எங்களிடமே சிலர் சொன்னார்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பராவில், அடுத்த வீட்டு இருமல் சத்தம் கேட்கிற சுவருக்கு இந்தப் பக்கம் பிறந்து வளர்ந்தவர்கள் நாங்கள். உடுப்பு மாத்தவே ஆளைக் காவலுக்கு நிறுத்த வேண்டும். அதனாலேயே எங்களுக்கு அது தேவையில்லை என்று ஆகிவிடுமா? கதவு வைத்த அறை ஒன்று எங்களில் பலருக்கு முதல் தடவையாகக் கிடைத்ததே ஃபோனுக்குள்தான்.

இது புதிதாக வந்த ஆசையும் இல்லை. தாத்தா பாட்டிமாரிடம் கேட்டுப் பாருங்கள். லயங்களுக்குத் தனித்தனி முகவரி கிடையாது. கடிதம் தோட்ட ஆபீசுக்குப் போய், அங்கிருந்து யாராவது கொண்டுவந்து கொடுத்தால் உண்டு. வேலை இன்டர்வியூவுக்கு வந்த கடிதம் திகதி முடிந்த பிறகு கையில் கிடைத்த கதை எங்கள் ஒவ்வொரு குடும்பத்திலும் ஒன்றாவது இருக்கும். பிரித்து ஒட்டிய கடிதங்களைப் பற்றியும் சொல்வார்கள். அதை யாரும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. "எங்க காயிதத்த எங்க கையில குடுங்க" என்று தலைமுறை தலைமுறையாகக் கேட்டவர்களின் பேரப்பிள்ளைகள், கேட்டவுடன் நாலு இலக்கத்தைச் சொல்லிவிட்டு வருகிறோம்.

சரி, வேலைக்கு வருவோம். எங்களில் ஒருவர் பண்டாரவளையில் ஒரு கடையில் ஒன்றரை வருசம் வேலை பார்த்தவர். அவரை உட்கார வைத்து ஒவ்வொரு ரிப்பேராகக் கேட்டோம். டிஸ்ப்ளே மாத்தினால் டச் வேலை செய்கிறதா என்று பார்க்க லொக் திரையே போதும். பின் நம்பர் அடிக்கும் பலகையில் எல்லா இலக்கத்தையும் தட்டிப் பார்க்கலாம், அவசர அழைப்புப் பலகையைத் திறந்து பார்க்கலாம். கெமராவை அநேகமான ஃபோன்களில் லொக் திறக்காமலே எடுக்கலாம். பேட்டரி, சார்ஜிங் போர்ட் என்றால் சார்ஜ் ஏறுவது வெளித்திரையிலேயே தெரியும். மைக்கும் ஸ்பீக்கரும்? கடைக்காரர் தன் சிம்மைப் போட்டு, இன்னொரு ஃபோனிலிருந்து ஒரு கோல் எடுத்தால் லொக்கோடேயே பேசிப் பார்க்கலாம். மிச்சத்தை நாங்கள் ஃபோனை எடுக்க வரும்போது எங்கள் விரலால் திறந்து காட்டுவோம். ஐந்து நிமிச வேலை.

பாஸ்வேர்ட் உண்மையிலேயே வேண்டிய இடம் மிகக் குறைவு. செத்துப்போன ஃபோனிலிருந்து படங்களை மீட்டுத் தரச் சொன்னால் வேண்டும். ஆண்ட்ராய்ட் 10 வந்ததிலிருந்து புதிய ஃபோன்கள் உள்ளே இருக்கும் எல்லாவற்றையும் பூட்டித்தான் வைக்கின்றன. பின் இல்லாமல் சிப்பைக் கழட்டினாலும் ஒன்றும் வாசிக்க முடியாது. அந்த ஒரு வேலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்து நாமே அடிக்கலாம். ஹேங் ஆகிறது, சொஃப்ட்வேர் அடிக்க வேண்டும் என்றால் பெரும்பாலும் எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் அடிப்பார்கள், அதற்கும் கேலரி திறக்கத் தேவையில்லை.

"அப்ப ஏன்டா எல்லார்கிட்டயும் கேட்டீங்க?" என்று அவரிடம் கேட்டோம். கொஞ்ச நேரம் யோசித்தார். "முதலாளி கேக்கச் சொன்னாரு. கஸ்டமர் திரும்பி வந்து அது வேலை செய்யல, இது வேலை செய்யலன்னு சொல்லக் கூடாதுல்ல." அதுவரைக்கும் நியாயம். பிறகு குரலைத் தாழ்த்தி, "போரடிச்சா பாப்பானுங்கதான்" என்றார்.

போரடித்தால் பார்ப்பது பதுளையின் வியாதி மட்டும் இல்லை. கனடாவில் குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை 2022இல் சோதித்துப் பார்த்து எழுதினார்கள். முதலில் ஒரு லேப்டொப்புக்கு பேட்டரி மாத்தக் கேட்டுக் கடைகளுக்குப் போனார்கள். பேட்டரிக்கு பாஸ்வேர்ட் துளியும் தேவையில்லை. ஆனாலும் ஒன்றைத் தவிர எல்லாக் கடையும் பாஸ்வேர்ட் கேட்டது. அடுத்ததாக, உள்ளே நடப்பதை ரகசியமாகப் பதிவு செய்யும் லேப்டொப்புகளைப் 16 கடைகளுக்குச் சின்ன ரிப்பேருக்குக் கொடுத்தார்கள். 6 கடைகளில் சொந்தக் கோப்புகளை நோண்டியிருந்தார்கள். 2 கடைகளில் அவற்றைக் கொப்பி அடித்து வெளியே எடுத்திருந்தார்கள். பெண்ணுடையது என்று காட்டி வைத்த கருவிகளைத்தான் அதிகம் நோண்டியிருந்தார்கள். சட்டமும் கெமராவும் நிறைந்த ஊரிலேயே இப்படி.

ஹொங்கொங்கில் எடிசன் சென் என்ற நடிகர் தன் கணினியை ரிப்பேருக்குக் கொடுத்தார். 2008இல் அவருடைய அந்தரங்கப் படங்கள் இணையம் முழுக்கப் பரவின. படத்தில் இருந்த நடிகைகள் கெமராவுக்கு முன்னால் நின்று பதில் சொல்ல வேண்டி வந்தது. படத்தை எடுத்த டெக்னீஷியனுக்கு 2009இல் கிடைத்தது எட்டரை மாதச் சிறை. அமெரிக்காவில் 2016இல் ஒரு மாணவி ஐஃபோனைக் கம்பனியின் ரிப்பேருக்கே அனுப்பினார். அங்கிருந்த டெக்னீஷியன்கள் அவருடைய படங்களை எடுத்து அவருடைய பேஸ்புக் கணக்கிலேயே போட்டார்கள். ஆப்பிள் கம்பனி பெருந்தொகை கொடுத்து விசயத்தை முடித்தது. "ஒரிஜினல் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனால் பயமில்லை" என்று சொல்பவர்கள் இதையும் கேட்டுக்கொள்ளட்டும். கொழும்புக்குப் போய்வரும் பஸ் காசும் ஒரு நாள் பேரும் யார் தருவார்கள் என்பது வேறு கதை.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டப்படி, அதிகாரம் இல்லாமல் இன்னொருவருடைய கணினிக்குள் வேண்டுமென்றே நுழைவது குற்றம். ஐந்து வருசம் வரை சிறை, அல்லது ஒரு இலட்சம் ரூபா வரை அபராதம், அல்லது இரண்டும். நாங்கள் வாசித்து விளங்கிக்கொண்டபடி ஃபோனும் அந்தச் சட்டத்தில் கணினிதான். டச் சோதிக்கக் கொடுத்த பின் நம்பர் கேலரி பார்க்கக் கொடுத்த அனுமதி ஆகாது என்பது எங்கள் வாதம். 2022இல் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று 9ஆம் இலக்கத்தில் ஒன்று வந்தது. அதன் முக்கிய பகுதிகள் 2025 மார்ச் 18ஆம் திகதி நடைமுறைக்கு வரும் என்றிருந்தது. நாள் கிட்ட வந்ததும் தள்ளி வைத்தார்கள். 2024இன் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்திலும் தனிப்பட்ட தகவலை வெளியிட்டுத் தொல்லை கொடுப்பதற்கு எதிராக ஒரு பிரிவு இருக்கிறது. ஆனால் வாயை அடைக்கவும் வசதியான சட்டம் அது. அதை நம்பிக் கையைக் கட்டிக்கொண்டு நிற்க எங்களுக்கு மனமில்லை.

சட்டத்தை எடுத்துக்கொண்டு போகும் வழிதான் நீளம். தங்கச்சியின் வீட்டில் முறைப்பாடு கொடுக்கவே விடவில்லை, "ஊருக்கே தெரிஞ்சிரும்" என்று. கொடுக்க நினைப்பவர்களுக்குச் சொல்கிறோம்: தமிழிலேயே சொல்லலாம், எழுதலாம், அது 1987இலிருந்து இந்த நாட்டின் அரச கரும மொழி. பெண்களுக்கு 1938, பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு 1929. ஸ்டொப் என்.சி.ஐ.ஐ. என்றொரு இணையத்தளமும் உண்டு. படத்தை ஏற்றத் தேவையில்லை. உங்கள் ஃபோனிலேயே அதற்கு ஒரு கைரேகை மாதிரி எடுத்து, பேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்றவற்றில் பரவாமல் தடுக்கப் பார்க்கும். பதினெட்டைத் தாண்டியவர்களின் நிர்வாண, அந்தரங்கப் படங்களுக்குத்தான் அது. எங்கள் தங்கச்சியின் நைட்டிப் படத்துக்கு அதனால் பிரயோசனம் இல்லை. ஒரு ஈரத்தலைப் படம் லயத்தில் என்ன செய்யும் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

ஆகவே கடை வாசலிலேயே நிறுத்த வேண்டியிருக்கிறது. ஃபோனைக் கொடுக்க முன்னால் சிம்மையும் மெமரி கார்டையும் கழட்டிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சிம்தான் ஓ.டி.பி. வருகிற வழி. அது கடையில் கிடந்தால் உங்கள் ஈசி கேஷும் வட்ஸ்அப்பும் கடையில் கிடக்கிறது. மெமரி கார்டுக்குப் பெரும்பாலும் பூட்டே இல்லை, எந்த ஃபோனில் போட்டாலும் திறக்கும். சாம்சங் ஃபோனாக இருந்தால் செட்டிங்ஸில் பேட்டரி அண்ட் டிவைஸ் கேர் என்ற இடத்தில் மெயின்டனன்ஸ் மோட் இருக்கிறதா பாருங்கள். 2022இலிருந்து வருகிறது. அதைப் போட்டால் ஃபோன் புதிது போலத் திறக்கும், உங்களுடைய ஒன்றும் தெரியாது. பிக்சலில் 2023 கடைசியில் இதே மாதிரி ஒன்று வந்தது. எங்கள் ஆட்களின் கையில் இருக்கும் விலை குறைந்த ஃபோன் பலவற்றில் இது இல்லை. திரை அடியோடு செத்துப் போனால் இருந்தும் போட முடியாது. "எல்லாத்தையும் பெக்கப் எடுத்து ரீசெட் பண்ணிக் கொடுங்க" என்று இங்கிலிஷ் வீடியோக்களில் சொல்வார்கள். லேப்டொப்பும் வைஃபையும் உள்ள வீட்டுக்கு அது சரி. டேட்டா கார்ட் ஐம்பதுக்கும் நூறுக்கும் போடுகிறவர்கள் எந்த மேகத்தில் கொண்டுபோய் வைப்பது?

ஒன்றை மட்டும் இன்றைக்கே செய்யலாம். எங்கள் தோட்டங்களில் பலருடைய ஜிமெயில், ஃபோன் வாங்கிய கடையிலேயே போட்டுக் கொடுத்தது. பாஸ்வேர்ட் கடைக்காரருக்குத் தெரியும், உரியவருக்குத் தெரியாது. அம்மாவுடைய ஃபோனை எடுத்து முதலில் அதை மாத்துங்கள். ரிப்பேரிலிருந்து வந்த ஃபோன் என்றால் வட்ஸ்அப்பில் லிங்க்ட் டிவைசஸ் என்ற இடத்தைத் திறந்து, நமக்குத் தெரியாத கணினி ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா பாருங்கள். பின்னையும் மாத்துங்கள், அம்மா பிறந்த வருசத்தை விட்டுவிட்டு.

கடைகளில் வேலை செய்யும் தம்பிமாருக்கு. உங்களில் பாதிப் பேர் எங்களோடு படித்தவர்கள், எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள். உங்கள் சம்பளமும் எங்களுக்குத் தெரியும், பகல் சோற்றுக்கு முதலாளி எத்தனை நிமிசம் விடுவார் என்றும் தெரியும். உங்களைக் கள்ளர் என்று சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் நாளைக்கு ஒரு படம் வெளியே போனால், டேப்பில் பின் எழுதி ஒட்டிய கடையில் வேலை செய்யும் ஒவ்வொரு பொடியனும் சந்தேகப் பட்டியலில் நிற்பான். முதலாளி நிற்க மாட்டார். பின் வாங்காமல் இருப்பது உங்களுக்கும் காவல். டேப்பில் பெயரை எழுதுங்கள், பழுதை எழுதுங்கள், அதோடு நிறுத்துங்கள்.

எங்களில் ஒருவர் போன மாதம் சார்ஜிங் போர்ட் மாத்தப் போனார். பாஸ்வேர்ட் கேட்டார்கள். "எதுக்குண்ணே?" என்றார். "செக் பண்ணணுமே." "சார்ஜ் ஏறுதான்னு வெளியவே தெரியும்ல?" கடைக்காரர் கொஞ்சம் முறைத்தார். பிறகு, "அப்ப இருந்து வாங்கிட்டுப் போங்க" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார். நாற்பது நிமிசம். அடுத்த கடையில் கேட்ட அக்காவுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. "நம்பிக்கை இல்லாட்டி வேற கடைக்குப் போங்க" என்றார்கள். போனார். மூன்றாவது கடையில் வேலை நடந்தது, பின் சொல்லாமலே.

அந்த வட்ஸ்அப் குழுவைப் பற்றி. எங்கள் இரண்டு பேரில் ஒருவர் மறுநாள் "இது இன்னார் வீட்டுப் புள்ள, அழிங்க" என்று எழுதினார். ஒருவர் சிரிப்பு ஸ்டிக்கர் போட்டார், மூன்று பேர் குழுவை விட்டுப் போனார்கள், படத்தை அனுப்பியவன் பிறகு அழித்தான். எத்தனை ஃபோனில் இறங்கிவிட்டதோ. தங்கச்சியின் மாமாவிடம் இரண்டு தடவை போய்ப் பேசினோம். கிளாசுக்கு விடுவதாகச் சொல்லியிருக்கிறார், அலுமாரியை இன்னும் திறக்கவில்லை.

ஃபோன் ரிப்பேரில் இருக்கும்போது சிம்மைப் போட்டுக்கொள்ள பழைய பட்டன் ஃபோன்கள் சேர்க்கிறோம். தேவைப்படுகிறவர்கள் வாங்கிக்கொண்டு போய், வேலை முடிந்ததும் திருப்பித் தரலாம். இப்போதைக்கு மூன்று இருக்கிறது. ஒன்றுக்குச் சார்ஜர் இல்லை, சின்ன ஊசி முனை. யார் வீட்டிலாவது கிடந்தால் கொண்டுவாருங்கள்.